ஒரே ஆட்டத்தில் 29 ரன்: பேஸ்பாலில் ஸ்கோர் எப்படி ஏறுகிறது?

1950 ஜூன் 8, வியாழக்கிழமை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபென்வே பார்க் மைதானம். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியும் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணியும் ஆடின. ஆட்டம் முடிந்தபோது ரெட் சாக்ஸ் 29, பிரவுன்ஸ் 4.

கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு 29 பெரிய எண்ணாகத் தெரியாது. மூன்று நான்கு ஓவரில் வந்துவிடும். பேஸ்பாலில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக எடுப்பது நான்கோ ஐந்தோதான். பத்தைத் தாண்டினாலே அது பெரிய நாள். 1900-க்குப் பிறகு, அமெரிக்காவின் உச்ச லீக்குகளில் அதுவரை எந்த அணியும் ஓர் ஆட்டத்தில் 29-ஐத் தொட்டதில்லை. 2007 வரை எவரும் அதைத் தாண்டவும் இல்லை.

இந்த ஒரு ஸ்கோரை முழுதாகப் புரிந்துகொண்டால் பேஸ்பாலில் பாதி புரிந்துவிடும். விதிப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிப்பதைவிட, ஓர் ஆட்டத்தை எடுத்துப் பிரித்துப் பார்ப்பது எளிது. அதற்கு இதைவிடத் தோதான ஆட்டம் எனக்குத் தெரியவில்லை.

அவுட்தான் எல்லாம்

பேஸ்பாலில் ஓவர் கிடையாது. இத்தனை பந்துதான் என்ற கணக்கும் இல்லை. இத்தனை மணிக்குள் முடித்தாக வேண்டும் என்பதும் இல்லை. ஆட்டத்தை நகர்த்துவது ஒன்றே ஒன்று: அவுட்.

ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரண்டு அணிகளும் ஒவ்வொரு முறை பேட் செய்யும். மூன்று பேர் அவுட் ஆனதும் அந்த அணியின் முறை முடிந்தது, மற்ற அணி வரும். ஒன்பது இன்னிங்ஸுக்கு மூன்று வீதம், ஓர் அணியின் கையில் இருப்பது 27 அவுட். அந்த 27 தீரும்வரை எத்தனை ரன் வேண்டுமானாலும் எடுக்கலாம். உச்சவரம்பு கிடையாது.

இதில் கிரிக்கெட்டோடு முட்டுகிற இடம் ஒன்று உண்டு. பேஸ்பாலில் அவுட் ஆனவர் ஆட்டத்தை விட்டுப் போவதில்லை. அணியில் ஒன்பது பேட்டர்கள். அவர்கள் எந்த வரிசையில் வருவார்கள் என்பது ஆட்டத்துக்கு முன்பே முடிவாகிவிடும். ஒன்பதாவது ஆள் முடித்ததும் மறுபடி முதல் ஆள். ஓர் இன்னிங்ஸ் ஐந்தாவது பேட்டரோடு முடிந்தால், அடுத்த இன்னிங்ஸை ஆறாவது பேட்டர் தொடங்குவார். இந்தச் சுற்று ஆட்டம் முடியும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். கெட்டிக்கார பேட்டர் ஒருவர் முதல் இன்னிங்ஸில் அவுட் ஆகிவிட்டார் என்று எதிரணி நிம்மதி அடைய முடியாது. அவர் திரும்ப வருவார்.

ரன் எப்போது ரன் ஆகிறது?

மைதானத்தில் நான்கு மூலைகள் உள்ள ஒரு சதுரம். ஒரு மூலையில் பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட். அங்கிருந்து சுற்றினால் முதல் பேஸ், இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ், மறுபடி ஹோம். ஒவ்வொரு பேஸுக்கும் இடையே 90 அடி. இந்த நான்கையும் வரிசையாகத் தொட்டு, அவுட் ஆகாமல் ஹோமுக்குத் திரும்பி வந்தால்தான் ஒரு ரன். பாதி வழியில் நின்றால் ஒன்றும் கிடையாது. மூன்றாம் பேஸில், ஹோமுக்கு 90 அடி தூரத்தில் ஒருவர் நிற்கும்போது மூன்றாவது அவுட் விழுந்தால், அவர் ஓடியதெல்லாம் வீண். அடுத்த இன்னிங்ஸில் எல்லாம் காலியிலிருந்து தொடங்கும்.

கிரிக்கெட்டில் ஒரு நல்ல தட்டுத் தட்டினால் ஒரு ரன் அப்போதே எழுதப்படும். இங்கே அது முதல் பேஸில் நிற்கும் உரிமையை மட்டும் தருகிறது. அதற்குப் பெயர் சிங்கிள். அந்த ஆளை உள்ளே கொண்டுவர, பின்னால் வருபவர்களும் ஏதாவது செய்தாக வேண்டும். அடித்த அடியில் இரண்டாம் பேஸ் வரை போனால் டபுள், மூன்றாம் பேஸ் வரை போனால் டிரிபிள். பந்து எல்லைச் சுவரைத் தாண்டிப் போய்விட்டால் ஹோம் ரன். அடித்தவரும், அப்போது பேஸ்களில் நின்றிருந்த எல்லோரும் சாவகாசமாகச் சுற்றி வந்துவிடலாம். மூன்று பேஸும் நிரம்பியிருக்கும்போது ஹோம் ரன் அடித்தால் நான்கு ரன். ஓர் அடியில் அதற்கு மேல் கிடைக்காது.

ஆக, ரன் என்பது பெரும்பாலும் ஒரே ஆளின் சாதனை இல்லை. ஹிட்கள், அதாவது சிங்கிள் முதல் ஹோம் ரன் வரையிலான அடிகள், ஒன்றன்பின் ஒன்றாக, இடையில் மூன்று அவுட் விழுவதற்குள் வர வேண்டும். ஒன்பது சிங்கிள்கள் ஒன்பது இன்னிங்ஸில் பிரிந்து கிடந்தால் ஒரு ரன்கூட வராமல் போகலாம். அதே ஒன்பதும் ஒரே இன்னிங்ஸில் வந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்த மாதிரி.

இன்னொரு வழியிலும் முதல் பேஸுக்குப் போகலாம். பந்து வீசும் பிட்சர், பேட்டருக்கு எட்டக்கூடிய ஒரு கற்பனைக் கட்டத்துக்குள் பந்தைப் போட வேண்டும். அகலம் ஹோம் பிளேட்டின் அகலம், உயரம் ஏறக்குறைய முழங்காலிலிருந்து நெஞ்சு வரை. கட்டத்துக்குள் வந்து பேட்டர் விட்டால் ஸ்ட்ரைக், அடிக்கப் பார்த்துத் தவறவிட்டாலும் ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். கட்டத்துக்கு வெளியே போய், பேட்டரும் அதைத் தொடாமல் விட்டால் அது ‘பால்’. ஒரே பேட்டருக்கு நான்கு பால் போட்டுவிட்டால், அவர் மட்டையைக் கீழே வைத்துவிட்டு நடந்தே முதல் பேஸுக்குப் போகலாம். இதற்குப் பெயர் வாக். பார்வையாளர்களுக்கு இது அலுப்பூட்டும் காட்சிதான். ஆனால் பெரிய ஸ்கோர்களின் அடியில் தோண்டிப் பார்த்தால் அநேகமாக வாக் கிடைக்கும்.

அந்த நாளின் கணக்கு

ரெட் சாக்ஸ் இன்னிங்ஸ்வாரியாக எடுத்த ரன்கள் இவை: 0, 8, 5, 7, 2, 0, 2, 5.

முதல் எண்ணைப் பாருங்கள். பூஜ்யம். முதல் இன்னிங்ஸில் பாஸ்டனுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. பிரவுன்ஸின் பிட்சர் கிளிஃப் ஃபானின் அந்த இன்னிங்ஸைத் தாண்டிவிட்டார். அப்புறம் இரண்டாவது தொடங்கி ஐந்தாவது முடிவதற்குள் 22 ரன்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு சொல்லித் தருகிறேன். பேஸ்பால் ஸ்கோர் எதைப் பார்த்தாலும் இது உதவும். பேட் செய்ய வந்த ஒவ்வொருவருக்கும் மூன்றில் ஒரு முடிவுதான்: ரன் எடுத்திருப்பார், அவுட் ஆகியிருப்பார், அல்லது இன்னிங்ஸ் முடியும்போது ஏதாவது ஒரு பேஸில் நின்றுகொண்டிருப்பார். நான்காவது முடிவு கிடையாது. இரண்டாவது இன்னிங்ஸில் 8 ரன் வந்தது என்றால், 8 பேர் ஹோமைத் தொட்டிருக்கிறார்கள், 3 பேர் அவுட். ஆக, குறைந்தது 11 பேர் பேட் செய்ய வந்திருக்க வேண்டும். அணியில் இருப்பது ஒன்பது பேர். அப்படியானால் குறைந்தது இரண்டு பேர் ஒரே இன்னிங்ஸில் இரண்டு முறை வந்திருக்கிறார்கள்.

இதையே முழு ஆட்டத்துக்கும் போட்டுப் பார்க்கலாம். அன்று பாஸ்டனின் முதல் பேட்டர் கிளைட் வால்மர். அவர் எட்டு முறை பேட் செய்ய வந்தார். சாதாரண ஆட்டத்தில் ஒருவருக்கு நான்கு அல்லது ஐந்து முறைதான் வாய்ப்பு. முதல் ஆள் எட்டாவது தடவை வருகிறார் என்றால், வரிசை முழுதாக ஏழு சுற்றுச் சுற்றிவிட்டது. ஏழு ஒன்பது 63, அதோடு வால்மர், ஆக 64 பேர். இவர்களில் 29 பேர் ரன். அவுட் எட்டு இன்னிங்ஸுக்கு 24. இரண்டையும் கூட்டினால் 53. மிச்சம் 11. அதாவது, 29 ரன் எடுத்த பிறகும் குறைந்தது 11 பேர் பேஸில் நின்றபடியே இன்னிங்ஸ் முடிந்து, ரன் ஆகாமல் திரும்பியிருக்கிறார்கள். ஸ்கோர் இன்னும் ஏறியிருக்கலாம்! இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது 29 என்ற எண்ணைவிட இந்த 11-தான் என்னை அசத்தியது.

எட்டு இன்னிங்ஸ் ஏன், ஒன்பது இல்லையா? பேஸ்பாலில் சொந்த மைதானத்து அணி எப்போதும் இரண்டாவதாக பேட் செய்யும். ஒன்பதாவது இன்னிங்ஸில் விருந்தாளி அணி முடித்த பிறகும் சொந்த அணி முன்னிலையில் இருந்தால், மேற்கொண்டு பேட் செய்ய அவசியமே இல்லை. ஸ்கோர் கட்டத்தில் அந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுவார்கள். அந்த 29 ரன்னும் 27 அவுட்டில் வந்ததல்ல, 24 அவுட்டில் வந்தது. எட்டே இன்னிங்ஸில் ஒருவர் எட்டு முறை பேட் செய்வது அதற்கு முன் நடந்ததில்லை. வால்மரின் பெயர் சாதனைப் பட்டியலில் நிற்பது இப்படித்தான். அடித்த அடிக்காக இல்லை, வந்து நின்ற தடவைகளுக்காக.

அடித்தவர்கள் யார்? இரண்டாம் பேஸ் காவலர் பாபி டோர் மூன்று ஹோம் ரன் அடித்தார். அவர் அடிகளால் உள்ளே வந்த ரன்கள் 8. முதல் பேஸ் காவலர் வால்ட் டிராப்போ இரண்டு ஹோம் ரன், உள்ளே கொண்டுவந்தது 7. டெட் வில்லியம்ஸ் இரண்டு ஹோம் ரன், 5 ரன். இந்த மூவரின் அடிகளில் மட்டும் 20 ரன் வந்துவிட்டது. ஜானி பெஸ்கிக்கு ஐந்து ஹிட். ஆல் ஜரில்லாவுக்கும் ஐந்து ஹிட், அவற்றில் நான்கு டபுள். ஓர் ஆட்டத்தில் ஒருவர் நான்கு டபுளுக்கு மேல் அடித்தது இல்லை.

மொத்தம் 28 ஹிட். அவற்றில் 11 சிங்கிள், 9 டபுள், 1 டிரிபிள், 7 ஹோம் ரன். ஒவ்வொன்றுக்கும் எத்தனை பேஸ் என்று போட்டுக் கூட்டினால் 11, 18, 3, 28. மொத்தம் 60 பேஸ். ஓர் ஆட்டத்தில் ஓர் அணி 60 பேஸ் எடுத்தது அன்றைக்கு ஒரு சாதனை.

டிராப்போவைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் அந்த சீசனின் தொடக்கத்தில் அணியிலேயே இல்லை. முதல் பேஸ் காவலர் பில்லி குட்மேன் காயம்பட்டதால் கீழ்நிலை லீக்கிலிருந்து அழைக்கப்பட்டவர். வந்தவர் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருதோடு போனார். குட்மேனும் சும்மா இருக்கவில்லை. குணமாகித் திரும்பி வந்து, நிரந்தர இடம் இல்லாமல் அங்கங்கே ஆடி, அந்த லீக்கின் சிறந்த பேட்டிங் சராசரியைப் பிடித்தார். எப்பேர்ப்பட்ட அணி அது என்பதற்கு இந்த ஒன்றே போதும்.

நான்கு வாக்

ஹோம் ரன்களைவிட இந்த ஆட்டத்தை எனக்கு நன்றாக விளக்குவது வேறொரு தகவல். அன்று பாஸ்டனுக்காகப் பந்து வீசியவர் சக் ஸ்டாப்ஸ். அவருக்கு அடுத்தடுத்த நான்கு இன்னிங்ஸிலும் வாக் கிடைத்தது.

அந்தக் காலத்தில் பிட்சரும் பேட் செய்தாக வேண்டும். பிட்சருக்குப் பதிலாக வேறொருவர் பேட் செய்யலாம் என்ற விதி இந்த இரண்டு அணிகளும் ஆடிய அமெரிக்கன் லீக்கில் 1973-இல்தான் வந்தது. பந்து வீசுவதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்பதால், பேட்டிங்கில் அணியிலேயே பலவீனமானவர் பொதுவாக அவர்தான். எதிரணிக்கு அவர் முறை வருவதென்றால் ஓர் அவுட் கையில் வருகிறது என்று அர்த்தம். அப்பேர்ப்பட்டவருக்குக்கூட மூன்று ஸ்ட்ரைக் போட முடியாமல், திரும்பத் திரும்ப நான்கு பால் போட்டு நடக்க விட்டிருக்கிறார்கள் என்றால், பிரவுன்ஸின் பந்துவீச்சு அன்று எந்த நிலையில் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பந்தை நேராகப் போட்டால் டோரும் வில்லியம்ஸும் அடிக்கிறார்கள். அடிபடாமல் போடப் பார்த்தால் கட்டத்துக்கு வெளியே போகிறது.

ஒருவர் பேஸில் நின்றாலே பிட்சருக்குப் பிரச்சினை கூடுகிறது. பந்து அடிபடும்வரை காத்திராமல் ஓடுபவர் அடுத்த பேஸுக்கு ஓடி அதைத் திருடிவிடாமல் இருக்க, முழு வீச்சசைவை விட்டுவிட்டுச் சுருக்கமான அசைவில் வீச வேண்டும். முதல் பேஸ் காவலர் ஓடுபவரைப் பிடித்து நிறுத்த பேஸை ஒட்டியே நிற்க வேண்டியிருப்பதால், அவர் வழக்கமாக நிற்கும் இடம் காலியாகி, அந்தப் பக்கம் பந்து புகுந்து போக வழி கிடைக்கிறது. மூன்று பேஸும் நிரம்பிவிட்டால் இன்னொரு வாக்கே ஒரு ரன். அதனால் பிட்சர் பந்தை நடுவில் போட்டே ஆக வேண்டும், பேட்டருக்கும் அது தெரியும். ஒரு வாக், ஒரு சிங்கிள், அடுத்து ஒரு டபுள் என்று ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வருவது இதனால்தான். 8, 5, 7 என்று ரன்கள் கொத்துக்கொத்தாக வந்ததற்கும் காரணம் இதுவே.

இன்னொரு தகவலையும் சொல்லிவிடுகிறேன். 1953-இல் வாஷிங்டன் அணிக்காக வீசிய இதே ஸ்டாப்ஸின் பந்தைத்தான் மிக்கி மேன்டில் 565 அடி தூரம் அடித்ததாகச் சொல்லப்படும் புகழ்பெற்ற ஹோம் ரனாக மாற்றினார். ஸ்டாப்ஸின் பெயரைக் கேட்டாலே எல்லோருக்கும் அந்த அடிதான் நினைவுக்கு வருகிறது. 1950 ஜூன் 8-இல் வென்ற பிட்சர் அவர் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பிரவுன்ஸ் ஏன் நிறுத்தவில்லை?

பேஸ்பால் புதிதாகப் பார்ப்பவர்கள் கேட்கும் கேள்வி இது. வேறு பிட்சரைக் கொண்டுவரலாமே?

கொண்டுவரலாம். ஆனால் விதி ஒன்று குறுக்கே நிற்கிறது: ஒருவரை வெளியே எடுத்தால் அந்த ஆட்டத்தில் அவர் திரும்ப வர முடியாது. ஒருவரைச் சில பந்து வீச வைத்துவிட்டு, கொஞ்சம் ஓய்வு கொடுத்து மறுபடி அழைப்பது நடக்காது. அதோடு, நாளைக்கும் ஆட்டம் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு சீசனுக்கு 154 ஆட்டம். நல்ல பிட்சர் ஒருவர் ஒரு நாள் முழுக்க வீசினால் அடுத்து மூன்று நான்கு நாள் அவர் தோள் ஆற வேண்டும். ஏற்கெனவே கைநழுவிப்போன ஆட்டத்தில் நல்லவர்களைச் செலவழித்தால் நாளைய ஆட்டமும் போகும். 8–0 ஆனதும் எந்த மேனேஜரும் இதைத்தான் கணக்குப் போடுவார். 29–4 என்று தோற்றாலும் ஒரு தோல்விதான், 2–1 என்று தோற்றாலும் ஒரு தோல்விதான். ரன் வித்தியாசத்துக்குப் புள்ளி கிடையாது.

பாஸ்டனாலும் போதும் என்று நிறுத்த முடியாது. டிக்ளேர் செய்யும் வழக்கம் இங்கே இல்லை. வித்தியாசம் எகிறிவிட்டால் ஆட்டத்தை நிறுத்தும் விதி பள்ளி ஆட்டங்களில் இருக்கிறது, உச்ச லீக்கில் இல்லை. மூன்று அவுட் விழுந்தால்தான் அவர்களும் உட்கார முடியும்.

பிரவுன்ஸ் அப்போது ஏழை அணி. அதன் வரலாற்றிலேயே லீக்கை வென்றது 1944-இல் ஒரே ஒரு முறை. பணத் தேவைக்காக நல்ல ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பாஸ்டனின் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் காவலர்) வெர்ன் ஸ்டீவன்ஸ் முன்பு பிரவுன்ஸ்காரர். நான்கு டபுள் அடித்த ஜரில்லாவும் 1949 வரை பிரவுன்ஸில் இருந்தவர்தான். தோற்றுத் தோற்று மனம் விட்டுப்போன வீரர்களைத் தேற்ற, 1950-இல் பிரவுன்ஸ் நிர்வாகம் மனவசியம் தெரிந்த உளவியலாளர் ஒருவரை வேலைக்கு வைத்துப் பார்த்தது. அதுவும் பலிக்கவில்லை. அந்த ஆண்டு 58 வெற்றி, 96 தோல்வி.

ஜூன் 8-க்கு முந்தைய நாளும் இதே இரண்டு அணிகள் இதே மைதானத்தில்தான் ஆடின. அன்று பாஸ்டன் 20, பிரவுன்ஸ் 4. இரண்டு நாளில் 49 ரன் வாங்கிக்கொண்ட பிட்சர்கள் மேல் எனக்கு இரக்கம்தான் வருகிறது. மைதானத்தில் அன்று இருந்த பார்வையாளர்கள் வெறும் 5,105 பேர்.

மைதானத்தின் பங்கு

பேஸ்பாலில் பேஸ்களுக்கு இடையே உள்ள தூரம் எல்லா மைதானத்திலும் ஒன்றே. எல்லைச் சுவர் எங்கே இருக்கும், எவ்வளவு உயரம் என்பது மட்டும் மைதானத்துக்கு மைதானம் வேறு. 1912-இல் திறக்கப்பட்ட ஃபென்வே பார்க் நகரத் தெருக்களுக்கு நடுவே நெருக்கிப் பிடித்துக் கட்டப்பட்டது. இடது பக்கம் சுவர் மிக அருகில் வந்துவிடுகிறது, அதனால் அதை 37 அடி உயரத்துக்கு எழுப்பியிருக்கிறார்கள். 1947-இல் பச்சை வண்ணம் பூசப்பட்ட அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது, இன்று அதற்குப் பெயரே பச்சைப் பூதம். வேறு மைதானத்தில் சுலபமாகப் பிடிபட்டிருக்கும் உயரமான பந்து இங்கே சுவரில் பட்டு டபுள் ஆகும், அல்லது தாண்டி ஹோம் ரன் ஆகும். வலது ஓரத்தில் எல்லைக் கம்பம் 302 அடியிலேயே இருக்கிறது. ஐந்து ஹிட் அடித்த பெஸ்கியின் பெயரை இன்று தாங்கி நிற்பது அந்தக் கம்பம்தான்.

1950-இல் பாஸ்டன் சொந்த மைதானத்தில் 55 வெற்றி, 22 தோல்வி. வெளியூரில் 39 வெற்றி, 38 தோல்வி. சுவர் எவ்வளவு துணை செய்தது என்பதை இந்த எண்களே சொல்லும். ஆனால் சுவர் பிரவுன்ஸுக்கும் அதே இடத்தில்தான் இருந்தது, அவர்களால் நான்கு ரன்தான் எடுக்க முடிந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

ரன் நிறைய, கோப்பை இல்லை

அந்த ரெட் சாக்ஸ் 154 ஆட்டங்களில் 1,027 ரன் குவித்தது. ஆட்டத்துக்கு ஆறரைக்கும் மேல். அணி முழுவதன் பேட்டிங் சராசரி .302. அதாவது பேட் செய்த நூறு முறைக்கு முப்பது ஹிட். அதற்குப் பிறகு இன்றுவரை எந்த அணியும் ஒரு சீசன் முழுக்க .300-ஐத் தொடவில்லை. இத்தனையும் செய்து முடிவில் மூன்றாம் இடம், நியூயார்க் யாங்கீஸுக்கு நான்கு ஆட்டம் பின்னால்.

காரணம் பந்துவீச்சு. எடுத்தது எவ்வளவோ, கொடுத்ததும் அதற்குத் தகுந்த மாதிரி இருந்தது. போதாக்குறைக்கு ஜூலை 11-இல் சிகாகோவில் இரண்டு லீக்குகளின் சிறந்த வீரர்கள் மோதிய நட்சத்திர ஆட்டத்தில் டெட் வில்லியம்ஸ் ஒரு கேட்ச் பிடிக்கப் போய்ச் சுவரில் மோதி முழங்கையை உடைத்துக்கொண்டார். ஏறக்குறைய இரண்டு மாதம் அவர் இல்லை. 29-இல் வெற்றிக்குத் தேவையான ஐந்து போக மிச்சமான 24 ரன்னை அடுத்த வாரத்துக்கு எடுத்துவைக்க முடிந்திருந்தால் கதையே வேறு. ஒவ்வொரு ஆட்டமும் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்குகிறது.

முன்னும் பின்னும்

1900-க்கு முந்தைய காலத்தைத் தனியாக வைத்துத்தான் சாதனைகளைப் பேசுவார்கள். 1897-இல் சிகாகோ அணி லூயிவில்லை 36–7 என்று வென்றது. அதைத் தாண்டியவர் யாருமில்லை. அதற்குப் பிறகான காலத்தில், பாஸ்டனுக்கு முன் சாதனை செயின்ட் லூயிஸின் இன்னொரு அணியான கார்டினல்ஸிடம் இருந்தது. 1929-இல் பிலடெல்பியாவுக்கு எதிராக 28. பாஸ்டனின் 29-ஐ 1955 ஏப்ரல் 23-இல் சிகாகோ வைட் சாக்ஸ் சமன் செய்தது. கான்சஸ் சிட்டி அத்லெடிக்ஸுக்கு எதிராக 29–6. பிலடெல்பியாவிலிருந்து அப்போதுதான் கான்சஸ் சிட்டிக்குக் குடிபெயர்ந்திருந்த அணி அது. புது ஊரில் முதல் மாதமே அப்படி ஓர் அடி.

ஒரே இன்னிங்ஸ் என்று பார்த்தால் மறுபடி ஃபென்வே பார்க்கும் ரெட் சாக்ஸும்தான். 1953 ஜூன் 18, எதிரணி டெட்ராய்ட். ஏழாவது இன்னிங்ஸில் மட்டும் 17 ரன். 23 பேர் பேட் செய்ய வந்தார்கள். நம் கணக்கைப் போட்டுச் சரிபாருங்கள்: 17 ரன், 3 அவுட், பேஸில் நின்றவர்கள் 3. ஜீன் ஸ்டீவன்ஸ் என்ற இளம் வீரர் அந்த ஓர் இன்னிங்ஸில் மூன்று ஹிட் அடித்தார். பலருக்கு ஓர் ஆட்டம் முழுக்க ஆடினாலும் மூன்று கிடைக்காது.

ஒருதலையான ஆட்டங்கள் வேண்டாம், இரண்டு பக்கமும் அடித்தது வேண்டும் என்பவர்கள் 1922-க்குப் போகலாம். ஆகஸ்ட் 25, சிகாகோவில் கப்ஸ் 26, பிலடெல்பியா 23. இரண்டையும் சேர்த்து 49 ரன். இதைவிட அதிகம் ஓர் ஆட்டத்தில் வந்ததே இல்லை. 1979-இல் இதே இரண்டு அணிகள், இதே மைதானத்தில், கூடுதல் இன்னிங்ஸ் வரை போய் 23–22 என்று முடித்தன. இந்த முறை வென்றது பிலடெல்பியா.

29 என்ற எண் 57 ஆண்டு தாக்குப்பிடித்தது. 2007 ஆகஸ்ட் 22-இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் 30 ரன் எடுத்து அதைத் தாண்டியது. எதிரணி பால்டிமோர் ஓரியோல்ஸ். 1954-இல் செயின்ட் லூயிஸை விட்டுப் பால்டிமோருக்குப் போய்ப் பெயர் மாற்றிக்கொண்ட பிரவுன்ஸ்தான் இந்த ஓரியோல்ஸ். 29 வாங்கிய அணியே 30-ஐயும் வாங்கியது.

அந்த ஆட்டத்தில் ஓரியோல்ஸ் முதலில் 3–0 என்று முன்னிலையில் இருந்தது. ரேஞ்சர்ஸ் ரன் எடுத்தது நான்கே இன்னிங்ஸில்: நான்காவதில் 5, ஆறாவதில் 9, எட்டாவதில் 10, ஒன்பதாவதில் 6. மற்ற ஐந்திலும் பூஜ்யம். கடைசி மூன்று இன்னிங்ஸ் வீசிய வெஸ் லிட்டில்டனுக்கு ‘சேவ்’ என்ற பெருமையும் கிடைத்தது. வெற்றியைக் காப்பாற்றிக் கொடுத்த பிட்சருக்குத் தரப்படுவது அது. பொதுவாக ஒன்றிரண்டு ரன் முன்னிலையைக் காக்கும்போது கிடைக்கும். கடைசி மூன்று இன்னிங்ஸை ஒருவரே ஒழுங்காக வீசி முடித்தால், முன்னிலை எவ்வளவு இருந்தாலும் தரலாம் என்று விதியில் ஒரு பிரிவு இருக்கிறது. அவர் பந்தை வாங்கும்போது ஸ்கோர் 14–3. முடித்தபோது 30–3.